அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

முதலாம் படிவ மாணவர்களுக்கு நான் அவ்வப்போது ஒரு விளையாட்டு வைப்பதுண்டு. வெர்னியர் கேலிபருக்கும் மைக்ரோமீட்டருக்கும் தனித்தனி அட்டையில் விளக்கம் எழுத வேண்டும். கருவிகளைப் பார்க்காத இன்னொரு மாணவர், அட்டைகளை மட்டும் படித்து, சோதனைக் குழாயின் உள்விட்டத்தை அளக்க எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் இரண்டு அட்டைகளிலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘சிறிய நீளங்களை அளக்கும்.’ அது பொய்யில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

மென்பொருள் எழுதுபவர்களுக்கும் இப்போது இதே சிக்கல் வந்திருக்கிறது.

கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கும்போது, வடிவமைப்பாளர் அதன் திரைகளை முதலில் ஃபிக்மா, பென்பாட் போன்ற மென்பொருளில் வரைகிறார். பிறகு அதைப் பார்த்து நிரல் எழுதப்படுகிறது. அந்த வேலையில் இன்று செயற்கை நுண்ணறிவு முகவர்களும் இறங்கிவிட்டன. முகவர் என்றதும் காப்புறுதி முகவரை நினைக்காதீர்கள்! கொடுத்த வேலைக்கு வேண்டிய படிகளைத் தானே முடிவுசெய்து செயல்படும் மென்பொருள் இது.

திரையின் படத்தை மட்டும் கொடுத்தால், முகவர் கண்ணளவாக ஊகிக்கும். பொத்தானின் உயரம் 48 படப்புள்ளியா 44 படப்புள்ளியா என்று தடுமாறும். வடிவமைப்பாளர் திறந்து வைத்திருக்கும் கோப்பிலோ சரியான எண்ணே இருக்கிறது. அதைப் படிக்க ஒரு வழி வேண்டும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ அத்தகைய வழிகளில் ஒன்று. சுருக்கமாக எம்சிபி என்பார்கள். 2025இல் ஃபிக்மாவும் இம்முறையில் தன் கருவிகளைத் தந்தது. ஒரு கருவி, தேர்ந்தெடுத்த பகுதியின் படத்தைத் தரும். இன்னொன்று, அதில் பயன்பட்ட நிறம், இடைவெளி போன்றவற்றின் பெயர்களையும் மதிப்புகளையும் தரும். மற்றொன்று, அடுக்குகளின் பெயர், வகை, இடம், அளவு ஆகியவற்றை மட்டும் சுருக்கமாகத் தரும்.

சரி, மூன்றில் எதை எப்போது அழைப்பது? முகவர் கருவியின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், சில வரி விளக்கம், என்ன உள்ளீடு தர வேண்டும் என்ற குறிப்பு ஆகியவைதாம் அதன் கைக்கு வருகின்றன. அதாவது, அட்டை மட்டும்!

‘வடிவமைப்பைப் படிக்கும்’ என்று மூன்றுக்கும் எழுதிவிட்டால் என்ன ஆகும்? நிறத்தின் பெயர் கேட்ட இடத்தில் படம் வரும். அல்லது, பெரிய கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு வந்துவிடும். மொழி மாதிரி ஒரே நேரத்தில் கையாளக்கூடிய உரைக்கு ஓர் எல்லை உண்டு. அது நிரம்பிவிட்டால் வேலை கெடும். அதனால்தான், ‘கோப்பு பெரிதாக இருந்தால் முதலில் சுருக்கக் கருவியை அழை, பிறகு தேவையான அடுக்கை மட்டும் கேள்’ என்ற வரி மிக முக்கியம். என்னைக் கேட்டால், ‘இது எதைச் செய்யாது’ என்ற வரிதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. எதுவும் தேர்ந்தெடுக்கப்படாத நிலையில் கருவி என்ன பதில் தரும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால், வெறுமையான பதிலைப் பார்த்து ‘கோப்பில் ஒன்றுமே இல்லை’ என்று முகவர் முடிவுகட்டிவிடலாம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. விளக்கத்தை முகவர் அப்படியே நம்பினால், அதில் யாராவது தீய கட்டளையை ஒளித்து வைக்கலாமே! வைக்க முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025இல் செய்து காட்டினார்கள். ‘நான் படிக்க மட்டும் செய்வேன், எதையும் மாற்ற மாட்டேன்’ என்று கருவி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எம்சிபியில் ஓர் அடையாளம் இருக்கிறது. ஆனால் அது வெறும் குறிப்புதான். நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்தால் அதை ஏற்கக்கூடாது என்று அந்த விதிமுறையே சொல்கிறது. ஆகவே கோப்பில் எதையாவது மாற்றுவதற்கு முன் மனிதரிடம் அனுமதி கேட்கும்படி அமைப்பது நல்லது.

என் வகுப்பில் இரண்டாம் சுற்றும் உண்டு. அட்டைகளைத் திருத்தி எழுதச் சொல்வேன். போன முறை மைக்ரோமீட்டருக்கு வந்த அட்டை இது: ‘மெல்லிய கம்பி, தாள் ஆகியவற்றின் தடிப்பை 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கும். குழாயின் உள்பக்கத்தை அளக்காது. அளக்கும் முன் பூச்சியப் பிழையைப் பார்.’ படித்த மாணவர் உடனே கேலிபரைக் கேட்டார்.