விடுதியின் பின்கட்டு

தஞ்சைப் பகுதியின் பழைய வீடுகளை அறிந்தவர்களுக்குத் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்னும் வரிசை நன்கு தெரியும். சம்பந்தம் பேச வந்தவர்கள் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க, உடன் வந்த பாட்டிமார் தண்ணீர் குடிக்கும் சாக்கில் கிணற்றடி வரை சென்று திரும்புவார்கள். திண்ணையை எவரும் மெழுகி வைத்திருப்பர்; கிணற்றடியே அவ்வீட்டின் உண்மையைச் சொல்லும் என்பது அவர்கள் கணக்கு. பயணிகள் தங்கும் விடுதியை ஆராய்வதற்கும் இதனினும் சிறந்த முறையை நான் அறியேன்.

விடுதியும் இரு கட்டுகள் கொண்ட ஒரு பெரிய வீடுதான். வரவேற்புக் கூடம், மாடிப்படி, தாழ்வாரம், உணவுக்கூடம், பொதுக் கழிப்பறை ஆகியவை விருந்தினர் கண்ணில் படும் முன்கட்டு. சமையற்கூடம், உக்கிராண அறை, பாத்திரம் துலக்கும் இடம், பணியாளர் உண்டு உறங்கும் அறை, அவர்களுக்குரிய கழிப்பறை ஆகியவை பின்கட்டு. முன்கட்டிற்குச் செலவிட எந்த முதலாளியும் தயங்குவதில்லை. வாடிக்கையாளரை ஈர்ப்பது அதுவே. பின்கட்டுத்தான் கவனிப்பாரற்றுப் போகிறது. ஆயினும், மாணவர்களே, இவ்விரு கட்டுகளுக்கும் இடையே உள்ள கதவு மனிதருக்கேயன்றி நோய்க்கு இல்லை.

வழிப்போக்கரைப் பேணுவது தஞ்சைக்குப் புதிதன்று. மராட்டிய மன்னர் காலத்தில் இராமேசுவரம் செல்லும் சாலையில் பல சத்திரங்கள் இருந்தன. இரண்டாம் சரபோஜி மன்னர் 1802ஆம் ஆண்டில் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். அதற்கு முந்திய ஆண்டில், சத்திரங்களைக் காக்க வேண்டி ஆங்கில ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று அவற்றின் நடைமுறையை விரிவாகக் கூறுகிறது. வந்தோர்க்குச் சோறிட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. நோயுற்ற வழிப்போக்கருக்கு மருத்துவர் இருந்தார். பிள்ளை பெற்ற பெண்கள் 3 மாதம் வரை தங்கலாம். ஆதரவற்ற குழந்தைகளுக்கு 4 நாளைக்கு ஒரு முறை எண்ணெய் தேய்த்தார்கள். அரசியல் கடிதமொன்றில் ஒரு மன்னர் குழந்தைகளின் எண்ணெய்க் குளியலைக் குறிப்பிட்டது எனக்கு எப்போதும் வியப்பை அளிப்பதாகும். உடலைத் தூய்மையாக வைப்பதும் சத்திரத்தின் கடமையே என அக்காலத்தார் கருதியிருந்தனர்.

நோயைக் கிருமிகள் பரப்புகின்றன என்பது அக்காலத்தில் தெரியாது. குடற்காய்ச்சலாகிய டைபாய்டின் கிருமி 1880ஆம் ஆண்டில்தான் காணப்பட்டது. அக்கிருமி சமையற்கூடத்தின் வழியாக எவ்வாறு பயணம் செய்கிறது என்பதை உலகுக்கு உணர்த்தியது அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வரலாறு. 1906ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கு நகருக்கு அருகில் ஒரு வீட்டில் தங்கிய 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு கண்டது. சோப்பர் என்னும் சுகாதாரப் பொறியாளர் ஆராய்ந்து, அங்குச் சமைத்த மேரி மாலன் என்ற பெண்ணின் உடலில் கிருமி இருப்பதாக ஐயுற்றார். பரிசோதனையும் அதனையே உறுதி செய்தது. மேரிக்கோ நோயின் அறிகுறி ஒன்றும் இல்லை. ஆகவே அவள் அதனை நம்ப மறுத்தாள். 1910இல் விடுவிக்கப்பட்ட அவள் 1915இல் வேறு பெயரில் ஒரு மருத்துவமனையில் சமைத்துக்கொண்டிருந்தபோது மீண்டும் பிடிபட்டாள்; 1938இல் இறக்கும் வரை தனிமையிலேயே வைக்கப்பட்டாள். அவளுக்கு இழைக்கப்பட்டது நீதியா என்பது வேறு வினா. அவளைப் போலக் கிருமியைச் சுமந்த பிறர் பலர் அவ்வாறு அடைக்கப்படவில்லை. நாம் இங்குக் கொள்ளத்தக்க செய்தி வேறு: நல்ல உடல்நலத்துடன் தோன்றுபவர் கையிலும் கிருமி இருக்கலாம், கழிப்பறையிலிருந்து வந்த கை சோப்பையும் ஓடும் நீரையும் காணாமல் இலைக்குச் செல்லுமாயின், வரவேற்புக் கூடத்துப் பளிங்குத் தரையால் பயன் ஒன்றும் இல்லை.

இந்தியாவின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் கீழ் 2011இல் வந்த விதிகள், உணவைக் கையாளும் பணியாளருக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கின்றன. நன்று. ஆனால் பரிசோதனைச் சான்றிதழ் கையைக் கழுவிவிடாது. பணியாளர் கழிப்பறையில் சோப்பு உண்டா, குழாயில் நீர் வருகிறதா என்பதே முதற் கேள்வி. விருந்தினருக்கு மணம் கமழும் சோப்பை வைத்துவிட்டு, பணியாளருக்குத் துருப்பிடித்த குவளையை மட்டும் வைத்திருக்கும் விடுதிகளை நான் கண்டிருக்கிறேன்.

இனி, தூய்மை செய்யும் முறைக்கு வருவோம். மேலிருந்து கீழாகவும், தூய இடத்திலிருந்து அழுக்கான இடத்தை நோக்கியும் செல்ல வேண்டும். அழுக்கை முதலில் சோப்பு நீரால் நீக்கிய பின்னரே கிருமிநாசினி பயன் தரும்; சேற்றின் மேல் ஊற்றிய பிளீச்சிங் பவுடரின் ஆற்றல் சேற்றிலேயே செலவாகிவிடும். ஊற்றியவுடன் துடைக்காமல் 10 நிமிடமேனும் விட வேண்டும். ஈரக்காற்றில் திறந்து வைத்தாலும் அப்பொடி வலுவிழக்கும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் காற்று எவ்வளவு ஈரமானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஒருகாலும் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். அடைத்த சிறு கழிப்பறையில் அது மூச்சைத் திணறச் செய்து உயிருக்கே உலை வைக்கும். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புப் பலன் என்று எண்ணுவோர்க்கு இதனைச் சொல்லிவைப்பது படித்தவர் செய்யக்கூடிய பேருதவி.

துடைக்கும் துணியைப் பற்றியும் ஒரு சொல். மாணவரை அழைத்துச் சென்ற ஒரு பயணத்தில், ஓர் ஊரின் விடுதியில் தாழ்வாரத்தைத் துடைத்த துணியே உணவு மேசைக்கும் வரக் கண்டேன். அதற்குப் பின் நாங்கள் அங்கு உண்ணவில்லை. கழிப்பறைக்கு ஒரு நிறம், உணவுக்கூடத்திற்கு வேறு நிறம் எனத் துணிகளைப் பிரித்து, பிழிந்து, வெயிலில் காயவிட வேண்டும். தரையை மும்முறை துடைப்போரும் கைப்பிடிச் சுவர், கதவின் பிடி, மின்விசை ஆகியவற்றை மறந்துவிடுகின்றனர். தரையைக் கால்தான் தொடுகிறது. இவற்றைக் கைகள் தொடுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத இடத்தின் தவறு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு 1976ஆம் ஆண்டு சான்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெரிய விடுதியொன்றில் முன்னாள் படைவீரர் மாநாடு நடந்தது. வந்தவர்களுள் பலர் கடும் நுரையீரல் காய்ச்சலுக்கு ஆளாகி, ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டில் புதிய பாக்டீரியம் ஒன்று கண்டறியப்பட்டது. குளிர்சாதன அமைப்பின் நீரில் அது பெருகியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அங்கே மண்டபத்தின் தரையில் குறையிருந்ததாக எவரும் கூறவில்லை.

பணியாளர் உறங்கும் அறைக்கு வருவோம். காற்று நுழையாத சிற்றறையில் பத்துப் பேர் நெருங்கிப் படுத்தால் சொறி சிரங்கு பரவும். ஒருவருக்குக் காசநோய் இருந்தால் அதுவும் பரவும். காலையில் அவர்களே நமக்கு இலை போடுகின்றனர். உணவகப் பணியாளரின் வேலை நேரத்தையும் நிலையையும் ஒழுங்குபடுத்த நம் மாநிலம் 1958ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் செய்தது என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாகக் கொல்லைப்புறத்துக் கழிவுத்தொட்டி. அதனுள் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சுவாயுக்கள் தேங்கும், பிராணவாயு குறையும். இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழுவது மீண்டும் மீண்டும் நிகழ்ந்து வந்துள்ளது. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. இத்தகைய சாவுக்கு இழப்பீடாக 30 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என உச்சநீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. காவிரிக் கழிமுகத்தில் அடைமழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலேறுவதால் தொட்டிகள் விரைவில் நிரம்பும். தீபாவளிக் கூட்டமும் அப்போதுதான் வரும். ஆகையால் புரட்டாசியிலேயே உறிஞ்சும் லாரியை வரவழைத்து விடுதிக்காரர் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும். அதற்கும் மேல் நிரம்பி, லாரியும் வரத் தாமதமாகுமாயின், இரண்டு கழிப்பறைகளைப் பூட்டி, விருந்தினரிடம் பொறுத்தருளும்படி சொல்லலாம். மூடியைத் திறந்து எவரையும் இறக்கலாகாது.