நீர்வண்ண உருவப்பட நகல் பயிற்சி

பழைய ஓவியங்களையோ ஒளிப்படங்களையோ பார்த்து நீர்வண்ணத்தில் முகங்களைத் தீட்டிப் பழகுவது நீர்வண்ண உருவப்பட நகல் பயிற்சி எனப்படும். முகம் அசையாது என்பதால் தொடக்கநிலை மாணவருக்கு இது ஏற்றது.

நகலெடுக்கப்படும் பழைய உருவப்படங்களுட் பல எண்ணெய் வண்ணத்தில் ஆனவை. சிக்கல் இங்குதான் எழுகின்றது. எடுத்துக்காட்டாக, டச்சு ஓவியர் யோகான்னசு வெர்மீர் ஏறத்தாழ 1665 இல் வரைந்த "முத்துத் தோடணிந்த பெண்" என்ற ஓவியத்தைக் கொள்ளலாம். இது நெதர்லாந்தின் ஹேக் நகரில், மொரிட்சுஹவுசு அருங்காட்சியகத்தில் உள்ளது. இதில் முத்தின் ஒளிர்வு, இருண்ட நிறத்தின் மேல் ஈய வெள்ளையால் இடப்பட்ட ஒரு தீற்றல். நீர்வண்ணமோ ஒளி ஊடுருவும் தன்மையது. அதில் வெள்ளை என்பது தாளின் வெள்ளையே. எனவே அவ்வொளிப்புள்ளியை முதலிலேயே தீட்டாமல் விட்டு, வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்கு அடுக்கடுக்காகச் செல்லவேண்டும். ஓர் அடுக்கு உலர்ந்த பின்னரே அடுத்ததை இடலாம். மூல ஓவியர் இறுதியில் செய்ததை நகலெடுப்பவர் தொடக்கத்திலேயே முடிவு செய்யவேண்டியுள்ளது. (ஒளிபுகா வெள்ளையைக் கடைசியில் இடுவோரும் உளர், பயிற்சியின் பயன் அதனால் பெரிதும் குறையும்.) இவ்வோவியத்தின் பின்புலம் கறுப்பாகத் தோன்றினும், அது முதலில் பச்சைத் திரையாக இருந்ததென 2020 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இன்று காணும் நிறமெல்லாம் ஓவியர் தீட்டிய நிறமன்று.

ஒளிப்படங்களில் நிழற்பகுதி கறுத்து, அதிலுள்ள நிறங்கள் மறைந்துவிடுவதுண்டு. மிக அருகிலிருந்து எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தோன்றும். அளவெடுத்து அப்படியே வரைந்தால் அப்பிழையும் நகலாகும். வின்சென்ட் வான் கோ 1888 இல் தம் தாயின் உருவப்படத்தைக் கறுப்பு வெள்ளை ஒளிப்படம் ஒன்றைப் பார்த்தே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். ஒளிப்படம் தராத நிறங்களை அவர் தம் நினைவிலிருந்து எடுத்துக்கொண்டார்.