தனியார் சேகரம் ஆய்வு மூலமாதல்: ரோஜா முத்தையா சேகரத்தை முன்வைத்துப் பல்கலைக்கழக நூலகங்களின் புதிய வரவு, காட்சி, பண்பாட்டு நிகழ்ச்சி குறித்த விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தனியார் சேகரம் நூலகக் கட்டடத்திற்குள் வந்து சேர்வதனால் மட்டும் ஆய்வு மூலமாகிவிடுவதில்லை. மூல ஒழுங்கைப் பேணல், பட்டியலாக்கம், படியெடுத்தல், காட்சிப்படுத்தல், உரையாடலுக்கு வழிசெய்தல் ஆகிய படிநிலைகளைக் கடந்த பின்னரே அது ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கித் தமிழகத்திலேயே நிலைபெறச் செய்த ரோஜா முத்தையா சேகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இப்படிநிலைகள் ஒவ்வொன்றும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழகப் பல்கலைக்கழக நூலகங்கள் இதிலிருந்து கொள்ளத்தக்கவற்றையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தனியார் சேகரம், குறுவெளியீடுகள், பட்டியலாக்கம், நுண்படம், கண்காட்சி, பல்கலைக்கழக நூலகம்.

முன்னுரை

தமிழியல் ஆய்வின் மூலங்களில் பெரும்பகுதி அரசோ பல்கலைக்கழகமோ திரட்டியவை அல்ல, தனிமனிதர் சேர்த்தவை. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று திரட்டிய சுவடிகளும் நூல்களும் 1943இல் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்திற்கு அடிப்படையாயின. மறைமலையடிகள் தம் வாழ்நாளில் சேர்த்த நூல்களும் அவர் பெயரிலேயே நூல்நிலையமாயின. அதற்கும் முன்னர், 1821இல் மறைந்த காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளும் ஆவணங்களும் கிழக்கிந்தியக் கம்பெனியால் வாங்கப்பட்டு, பின்னர் இலண்டன், கல்கத்தா, சென்னை எனப் பிரிந்தன. ஒரே ஊரைப் பற்றிய ஓலையும் மொழிபெயர்ப்பும் வரைபடமும் வெவ்வேறு நகரங்களுக்குச் சென்றதால், மெக்கன்சி சேகரத்தை ஆராய்வோர் முதலில் அவற்றை மீண்டும் இணைக்கும் பணியைச் செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வரலாறு நூலகவியல் சார்ந்த அடிப்படை வினாவொன்றை எழுப்புகிறது. சேகரித்தவர் மறைந்த பின் அவருடைய சேகரம் யாரிடம், எந்த வடிவில், எந்த ஒழுங்கில் செல்ல வேண்டும்? இவ்வினாவிற்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கிடைத்த குறிப்பிடத்தக்க விடையாக ரோஜா முத்தையா சேகரத்தைக் கொள்ளலாம்.

கோட்டையூர்ச் சேகரம்

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் தொடங்கியவர். சென்னையில் இருந்த காலத்தில் பழைய புத்தகக் கடைகளில் நூல் வாங்கத் தொடங்கிய அவர், பின்னர் கோட்டையூரில் தங்கித் தம் சேகரத்தைப் பெருக்கினார். 1992இல் அவர் மறைந்தபோது நூல்கள், இதழ்கள், குறுவெளியீடுகள் என ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் அவரிடம் இருந்தன.

இந்த எண்ணிக்கையைவிட இச்சேகரத்தின் இயல்பே ஆய்வாளருக்கு முக்கியமானது. இலக்கியம், சமயம், மருத்துவம் சார்ந்த நூல்களோடு நாடக நோட்டீசுகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள், துண்டறிக்கைகள் ஆகியவற்றையும் அவர் பாதுகாத்தார். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி நூல்களின் படிகள் அரசுக்குச் சென்றன. அவற்றின் விவரம் காலாண்டுப் பட்டியல்களில் இடம்பெற்றது. ஆனால் ஒரு நாள் நாடகத்திற்கு அச்சிட்ட நோட்டீசும் ஒரு குடும்பம் அச்சிட்ட அழைப்பிதழும் அத்தகைய பட்டியல்களுக்குள் வரவில்லை. அவற்றை எவரேனும் எடுத்துவைத்தால்தான் உண்டு.

இவ்வகைக் குறுவெளியீடுகளின் பயனைத் தமிழ்ச் சமூக வரலாற்று ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட நூல், தேசிய இயக்கக் காலத்தின் நாடகம், இசைத்தட்டு, திரைப்படம் ஆகியவற்றை அரசியல் வரலாற்றின் மூலங்களாகக் கொண்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்', உயர்ந்தோர் புறக்கணித்த குஜிலி நூல்களை ஆய்வுப் பொருளாக்கியது. மலிவுத்தாளில் அச்சாகித் தெருவில் விற்கப்பட்ட இந்நூல்களைச் சேகரிப்போர் இல்லையெனில் இத்தகைய ஆய்வுகளுக்கு மூலமே இருந்திராது.

சிகாகோவின் தேர்வு

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கம் முதலே ஏ. கே. இராமானுஜன் முதலானோரால் தமிழ்க் கல்வி வளர்ந்தது. அதே காலத்தில், 1962 முதல், அமெரிக்க நூலகங்கள் இந்திய வெளியீடுகளைப் பெருமளவில் பெறத் தொடங்கின. 'பி.எல். 480' என்னும் சட்டத்தின்கீழ் இந்தியாவிற்கு விற்ற உணவுத் தானியத்தின் விலை ரூபாயாக இங்கேயே இருந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தில்லி அலுவலகம் நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. இத்திட்டம் அவ்வக்காலத்தில் வெளிவந்த நூல்களைத் திரட்டுவதை நோக்கமாகக் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களையும் குறுவெளியீடுகளையும் அதனால் ஈடுசெய்ய இயலவில்லை. ரோஜா முத்தையா சேகரம் நிரப்பக்கூடிய இடைவெளி இதுவே.

செட்டியாரின் மறைவுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகம் இச்சேகரத்தை விலைக்கு வாங்கியது. எனினும் அதனைக் கப்பலேற்றிச் செல்லவில்லை. மூலங்கள் தமிழகத்திலேயே இருக்கவும், அவற்றின் நுண்படங்கள் வெளிநாட்டு ஆய்வாளருக்குக் கிடைக்கவும் ஏற்பாடு செய்தது. 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் நிறுவப்பட்டது. இன்று தரமணியில் இயங்கும் இந்நூலகத்தை அதன் பெயரிலான அறக்கட்டளை நிருவகிக்கிறது.

இத்தேர்வின் பின்னணியில் இரு காரணங்களைக் காணலாம். முதலாவது, மூலத்திற்கும் அதனைப் படிக்கும் சமூகத்திற்கும் உள்ள உறவு. ஒரு நாடக நோட்டீசில் உள்ள ஊர்ப்பெயரையும் சபாப்பெயரையும் அடையாளம் காண்போர் அருகில் இருக்கும்போதுதான் அதன் விளக்கம் முழுமையடைகிறது. இரண்டாவது, ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பதன் ஆபத்து. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது; அவற்றுள் வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் இருந்தன. மூலம் ஓரிடத்திலும் படி வேறோரிடத்திலும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தமிழுலகிற்குத் தேவையில்லை.

மேலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரவிய மரக்கூழ்த் தாள் அமிலத்தன்மை உடையது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் அது விரைவில் பழுப்பேறி நொறுங்குகிறது. ஆயிரம் ஆண்டுகள் கடந்த கல்வெட்டைப் படிக்கும் நாம், நூறாண்டுக்கு முந்தைய நாவலின் பக்கத்தைப் புரட்ட அஞ்சுகிறோம். நுண்படச்சுருள் முறையாகப் பேணப்பட்டால் சில நூற்றாண்டுகள் நிலைக்கும். அதனைப் படிக்க ஒளியும் உருப்பெருக்கியுமே போதும். மின்னுருவாக்கம் பரவிய பின்னும் நுண்படத்தின் மதிப்புக் குறையாமைக்கு இதுவே காரணம்.

பட்டியலாக்கம் என்னும் ஆய்வுப்பணி

சேகரத்தைப் பயன்பாட்டிற்குக் கொண்டுவருவதில் மிகக் கடினமான படிநிலை பட்டியலாக்கமே. தமிழ் அச்சு நூல்களுக்கு ஜான் மர்டாக் 1865இலேயே பொருள்வாரிப் பட்டியல் வெளியிட்டார். ஆயினும் பழைய தமிழ் நூல்களைப் பட்டியலிடுவோர் இன்றும் எதிர்கொள்ளும் சிக்கல்கள் சில உள்ளன.

முதலாவது, ஆண்டு. பல நூல்களின் முகப்பில் ஆங்கில ஆண்டு இராது. அறுபதாண்டுச் சுழற்சியில் வரும் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். முகப்பில் 'பிரபவ' என்றிருந்தால் அது 1867–68ஆகவும் இருக்கலாம், 1927–28ஆகவும் இருக்கலாம். அச்சுக்கூடத்தின் பெயரும் முகவரியும், எழுத்துருவின் அமைப்பு, தாளின் தன்மை, விலை, பின்னட்டை விளம்பரம் ஆகியவற்றை ஒப்புநோக்கியே ஆண்டைத் தெளிய முடியும். ஆண்டைத் தவறாகக் கணித்தால் ஓர் இலக்கிய வகையின் தோற்றமே அறுபதாண்டுகள் முன்பின்னாகிவிடும்.

இரண்டாவது, பெயர். ஒரே ஆசிரியர் இயற்பெயர், புனைபெயர், ஊர்ப்பெயரோடு சேர்ந்த பெயர், பட்டத்தோடு சேர்ந்த பெயர் எனப் பலவாறு குறிக்கப்படுகிறார். முன்னெழுத்துகள் நூலுக்கு நூல் மாறுகின்றன. இவற்றையெல்லாம் ஒரு பெயரின்கீழ்க் கொணரும் நிலைப்பெயர்ப் பட்டியல் இல்லையெனில், ஒருவரின் நூல்கள் ஐவரின் நூல்களாகத் தோன்றும்.

மூன்றாவது, சொற்பிரிப்பும் எழுத்துப்பெயர்ப்பும். புணர்ந்து அச்சான தலைப்பைப் பிரித்துத் தேடினால் கணினி காட்டாது. வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் நீண்டகாலம் உரோமன் எழுத்திலேயே பதிவாயின. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தும், பழைய பதிவுகளுக்கு எழுத்துப்பெயர்ப்பு முறை அறிந்தோரே எளிதில் வழிகாண்கின்றனர்.

எனவே பட்டியலாக்கம் எழுத்தர் பணியன்று. மூலபாட ஆய்விற்கு நிகரான தெளிவு அதற்கு வேண்டும். அப்பணியில் ஈடுபடுவோர் தாம் எடுத்த முடிவிற்குரிய காரணத்தையும் குறிப்பாகப் பதிவு செய்தால், பின்வருவோர் அதனைச் சரிபார்க்க இயலும்.

காட்சி: அடுக்கன்று, வாதம்

நூலகக் கண்காட்சி என்பது அரிய பொருள்களை மேசைமேல் பரப்பி வைப்பதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. சிறந்த காட்சி ஒரு வினாவிலிருந்து பிறக்கிறது. எடுத்துக்காட்டாக, திருமண அழைப்பிதழ்களைக் காலவரிசையில் காட்சிக்கு வைப்பதாகக் கொள்வோம். சுயமரியாதை இயக்கம் 1925இல் தோன்றியது. சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு 1967இல் கிடைத்தது. இடைப்பட்ட நாற்பதாண்டுகளின் அழைப்பிதழ்களில் முகூர்த்த நேரம், நடத்துவோர் பெயர், சாதிப்பட்டம், அழைக்கும் மொழிநடை ஆகியவை மாறும் விதத்தைப் பார்வையாளர் தம் கண்ணாலேயே காணலாம். சட்டத்திற்கு முன்பே சமூகம் எவ்வளவு தூரம் நடந்தது, எங்கே நின்றது என்னும் வாதத்தை அக்காட்சி முன்வைக்கும்; ஒரு கட்டுரை செய்யும் பணியை அது செய்யும்.

காட்சிக்கு நெறிமுறையும் உண்டு. தாள், மை ஆகியவை ஒளியால் சிதைபவை. ஆகவே 50 லக்ஸ் அளவிற்கு மிகாத மங்கிய ஒளியில், சில மாதங்களுக்கு மேற்படாமல் மூலத்தைக் காட்சிப்படுத்துவது அருங்காட்சியக வழக்கம். விரித்து வைக்கும் நூலுக்கு முதுகு ஒடியாதபடி தாங்கி வேண்டும். மிக நலிந்தவற்றுக்கு ஒளிப்படியே போதும். அது ஒளிப்படி என்பதை விளக்க அட்டையில் குறித்தல் வேண்டும்.

நிகழ்ச்சிகள் தரும் மறுபயன்

சொற்பொழிவு, பயிலரங்கு முதலிய நிகழ்ச்சிகள் நூலகத்தின் விளம்பரப் பணிகளாகத் தோன்றலாம். ஆயின் அவை சேகரத்தையே வளர்க்கின்றன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 2007இல் தொடங்கிய சிந்துவெளி ஆய்வு மையம் இதற்குச் சான்று. 1977இல் சிந்து எழுத்துகளுக்கான தொடரடைவை வெளியிட்ட ஐராவதம் மகாதேவனின் உழைப்பு இம்மையத்திற்கு அடித்தளமாயிற்று. அச்சு நூல்களுக்காகத் தோன்றிய ஒரு நூலகம், தொல்லெழுத்தியல் தரவுகளுக்கும் அவை பற்றிய சொற்பொழிவுகளுக்கும் களமானது. தம் சேகரம் படிக்கப்படும், பேசப்படும் என்னும் நம்பிக்கை ஏற்படும் இடத்திற்கே அறிஞர்கள் தம் வாழ்நாள் உழைப்பை ஒப்படைக்கின்றனர்.

நமது பல்கலைக்கழக நூலகங்கள் கொள்ளத்தக்கவை

சிகாகோவின் நிதிவளம் நம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இல்லை என்பது மெய்யே. எனினும் மேற்கண்ட படிநிலைகளுள் பல, நிதியைவிட நெறியையே வேண்டுவன.

1. ஏற்பு ஒப்பந்தம்: நன்கொடையாகச் சேகரம் வரும்போது உரிமை, படியெடுக்கும் உரிமை, பயன்பாட்டு நிபந்தனை ஆகியன எழுத்தில் இருத்தல் வேண்டும்.

2. மூல ஒழுங்கு: சேகரத்தைப் பாட எண்படி உடனே கலைத்து அடுக்குதல் கூடாது. சேகரித்தவர் எதனை எதனருகே வைத்தார் என்பதும் சான்றே. முதலில் அடுக்கு அடுக்காக ஒளிப்படமெடுத்து, வரவுப் பட்டியல் எழுதிய பின்னரே பிற பணி.

3. 'இரட்டைப்படி' என்னும் பெயரால் கழித்தல்: ஒரே தலைப்புடைய இரு நூல்கள் ஒரே பதிப்பாக இருப்பதில்லை. ஒப்பிடாமல் ஒன்றைக் கழிப்பது ஒரு பதிப்பையே இழப்பதாகலாம். ஓரக்குறிப்புகளும் கையொப்பங்களும் படிக்குப் படி வேறுபடும்.

4. ஆய்வு மாணவர் பங்கு: முனைவர் பட்ட ஆய்வாளர் ஒவ்வொருவரும் தம் துறை சார்ந்த நூறு உருப்படிகளை விளக்கமாகப் பட்டியலிடுவதை ஆய்வுப் பயிற்சியின் பகுதியாக்கலாம். ஆய்வாளருக்கு மூலப்பயிற்சியும் நூலகத்திற்குப் பட்டியலும் கிடைக்கும்.

5. காட்சியின் எச்சம்: உலகப் புத்தக நாளில் ஒருநாள் வைத்து மாலையில் எடுத்துவிடும் காட்சியால் ஆய்வுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. விளக்க அட்டைகளைத் தொகுத்துச் சிறு கையேடாக்கினால் அது மேற்கோள் காட்டத்தக்க வெளியீடாகும்.

முடிவுரை

ரோஜா முத்தையா சேகரம் காப்பாற்றப்பட்டதைத் தமிழுலகின் பேறாகக் கொண்டாடுகிறோம். அதனை வாங்க முன்வந்தது கடல்கடந்த ஒரு பல்கலைக்கழகம் என்பதையும் உடன் எண்ணிப்பார்க்க வேண்டும். ஆசிரியர், புலவர், அச்சகத்தார், நாடகக் கலைஞர் ஆகியோர் வீடுகளில் சேகரங்கள் இன்னும் உள்ளன. சேகரித்தவர் மறைந்ததும் வீடு விற்பனைக்கு வருகிறது. தாள்கள் எடைக்குச் செல்கின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம் மிகக் குறுகியது. அக்குறுகிய காலத்திற்குள் வீட்டாரை அணுகி, எழுத்தில் ஒப்பந்தம் செய்து, ஒழுங்கு கலையாமல் சேகரத்தை ஏற்கும் நடைமுறையைப் பல்கலைக்கழக நூலகம் முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும். மறைவுச் செய்தி வந்த பின் வகுக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.