கண்ணீர் போதாது, கேள்வி வேண்டும்!

நள்ளிரவு. கதவு தட்டப்படுகிறது. ஆலையில் உழைத்துக் களைத்து உறங்கியவன் எழுந்து வருகிறான்; வாசலிலே காக்கிச் சட்டை. "விசாரணை, வா!" என்கிறார்கள். "நான் ஒண்ணும் செய்யல, நீ பயப்படாதே" — மனைவியிடம் அந்த ஒரு வரி சொல்லத்தான் அவனுக்கு நேரம் கிடைக்கிறது. வண்டி பறக்கிறது.

தெரு விழித்துக் கொள்கிறது. "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று எதிர்வீடு ஏளனம் பேசுகிறது. "ஐயாவைப் பார்த்துச் சரிக்கட்டி விடலாம், பணம் புரட்ட முடியுமா?" என்று இடைத்தரகன் இளித்துக்கொண்டு வருகிறான். என் செய்வாள் அந்த ஏழை? தாலியை அடகு வைப்பதா? தலையிலடித்துக்கொண்டு அழுவதா?

இரண்டும் வேண்டாம் தங்கையே என்கிறோம் நாம். அழுதது போதும், கேள்!

அவன் குற்றவாளியா, நிரபராதியா? அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். எதிர்வீட்டுக்காரரும் அல்ல, ஏட்டய்யாவும் அல்ல! உண்மையிலேயே குற்றம் செய்தவனுக்கும் சட்டம் சில உரிமைகளைத் தந்திருக்கும்போது, பழி சுமத்தப்பட்டவனுக்கு அவை இல்லாமலா போகும்?

எந்தக் காவல் நிலையம்? என்ன காரணம்? முதற் கேள்விகள் இவை. கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், அவன் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் — இது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், கைதை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது; கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ, ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்கிறது.

இவை யாரோ போட்ட பிச்சையா? இல்லை! காவல் நிலையச் சாவுகள் பற்றிய செய்திகளைப் படித்து மனம் கொதித்த டி.கே. பாசு, 1986-இல் உச்சநீதிமன்றத்துக்கு எழுதினார் ஒரு கடிதம். அந்தக் கடிதமே வழக்காயிற்று. 1996-இல் வந்த தீர்ப்பே கைது முறைகளுக்கு வரம்பு கட்டிற்று. 2025 பிப்ரவரியில் இன்னொரு வழக்கு. "மனைவிக்குத் தகவல் சொன்னோமே" என்று காவல்துறை வாதாடியபோது, அது போதாது, கைதானவனுக்கே காரணம் கூறப்பட வேண்டும், கூறாவிடில் கைதே செல்லாது என்றது உச்சநீதிமன்றம். அதே ஆண்டு நவம்பரில், காரணத்தை எழுத்திலே, அவனுக்குப் புரியும் மொழியிலே தர வேண்டும் என்றும் கூறிற்று.

வழக்கறிஞருக்குப் பணமில்லையா? காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் பாராது இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடு. 15100 என்ற எண்ணை அழை. வெற்றுத் தாளில் கையெழுத்திடாதே. "ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவோம்" என்ற பசப்பு மொழிக்கு மயங்காதே. காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம், அவனது குற்றத்துக்குச் சான்றாகாது. ஆனால் அந்த ஒப்புதலைப் பெறுவதற்கு விழும் அடிக்கு வலி உண்டே! உடலில் காயமிருந்தால் நடுவரிடம் அஞ்சாமல் சொல்லச் சொல். மருத்துவப் பரிசோதனை கேட்கச் சொல்.

ஆளையே காட்ட மறுத்தால்? உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு! 1993-இல் விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த ராசாக்கண்ணு, திருட்டுப் பழி சுமத்தி இழுத்துச் செல்லப்பட்டார். தப்பியோடி விட்டார் என்றது காவல்துறை. நம்ப மறுத்தார் அவர் மனைவி, சென்னைக்கு வந்தார், பின்னாளில் நீதியரசரான வழக்கறிஞர் சந்துரு அவருக்காக வாதாடினார். அந்தோ, கணவர் திரும்பவில்லை, காவலிலேயே மாண்டிருந்தார். ஆனால் உண்மை மாளவில்லை. காவலர்கள் தண்டனை பெற்றனர். ஒரு கூலிக்காரரின் மனைவி கேட்ட கேள்விக்கு, கோட்டையே பதில் சொல்ல வேண்டியதாயிற்று!

அந்த மனுவின் அருமையைக் கழகத் தோழர்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ? 1976 ஜனவரி 31-இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது, மிசா பாய்ந்தது, நம்மவர் சிறைக் கொட்டடியில் அடைக்கப்பட்டனர். அவ்வாண்டு ஏப்ரல் 28-இல், நெருக்கடிக் காலத்தில் ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்று உச்சநீதிமன்றமே கதவடைத்தது. ஐவரில் ஒருவர், நீதியரசர் கன்னா மட்டுமே மாறுபட்டார். 2017-இல் அந்தத் தீர்ப்பு தவறென்று அதே நீதிமன்றம் அறிவித்தது. நாற்பத்தோராண்டுகள்! கேள்வி கேட்க முடியாத காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் சிறைவாயிலில் காத்துக் கிடந்தனரே, அந்த வேதனையை மறந்தோமா?

ஆகவே தோழர்களே, உங்கள் தெருவிலே நாளை ஒரு வீட்டுக் கதவு தட்டப்பட்டால், சன்னலைச் சாத்திக் கொள்ளாதீர்! "அவன் நம் கட்சியா?" என்று கேட்டு நிற்காதீர்! அந்தச் சகோதரி காவல் நிலையப் படியேறும்போது இருவராவது உடன் செல்லுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள், வழக்கறிஞரை எழுப்புங்கள். தனியாக நின்று கேட்டால் விரட்டுவார்கள்; நான்கு பேர் நின்று கேட்டால் பதில் வரும்.

"நான் ஒண்ணும் செய்யல" என்று சொல்லிச் சென்றவன் கேட்பது இரக்கத்தையல்ல, நியாயத்தை. அதை வாங்கித் தர வேண்டியது அவன் மனைவியின் கடமை மட்டுமா? நம் கடமையுமன்றோ!