உறிஞ்சு குழலைப் பிரபலமாக்கிய பானம்!

பழக்கடையில் சாறு வாங்கினால், தம்ளரில் ஓர் உறிஞ்சு குழலைச் செருகித் தருகிறார்கள். "ஸ்டிரா" என்று அதைக் கேட்டு வாங்குகிறோம்.

அமெரிக்காவில் இந்தக் குழலை நாடு முழுவதும் பரப்பியது பழச்சாறு அல்ல. ஒரு மதுபானம்!

அதன் பெயர் "ஷெர்ரி காப்ளர்." 1840-ம் ஆண்டுகளில் அதற்கு இருந்த மவுசு கொஞ்சநஞ்சம் அல்ல. ஆண்களும் பெண்களும் விரும்பிக் குடித்தார்கள்.

அதில் சேருவது நான்கே பொருள்கள். ஷெர்ரி மது, சர்க்கரை, ஆரஞ்சுப் பழம், நொறுக்கிய ஐஸ். வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் அந்த இனிப்புக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்து இருக்கிறது!

ஸ்பெயின் நாட்டு மது

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் ஹெரெஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் "ஷெர்ரி" என்று ஆகிவிட்டது.

வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து சாறு எடுப்பார்கள். அது புளித்து மதுவாகும். சாற்றில் உள்ள இனிப்பு எல்லாம் தீர்ந்த பிறகு, திராட்சையில் இருந்து வடித்த சாராயத்தை அதில் கொஞ்சம் சேர்ப்பார்கள். இதனால் மதுவின் வேகம் கூடும். எளிதில் கெடாது. நெடுந்தூரம் கப்பலில் போகிற சரக்குக்கு இது மிகவும் உதவியது.

பிறகு மரப் பீப்பாய்களில் ஊற்றி, குறைந்தது 2 ஆண்டுகள் வைப்பார்கள். பீப்பாய்களை வரிசை வரிசையாக அடுக்கி இருப்பார்கள். அடிவரிசையில் இருப்பது மிகப் பழைய மது. விற்பனைக்கு அதில் இருந்து கொஞ்சம் எடுப்பார்கள். எடுத்த அளவை மேல்வரிசை மதுவால் நிரப்புவார்கள். மேல்வரிசையை அதற்கும் மேலே உள்ளதைக் கொண்டு நிரப்புவார்கள். இப்படிப் பழையதும் புதியதும் கலந்துகொண்டே இருக்கும்.

1587-ம் ஆண்டு இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி டிரேக், ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தைத் தாக்கினார். அவர் அள்ளிச் சென்றவற்றில் சுமார் 2,900 பீப்பாய் ஷெர்ரியும் இருந்ததாகச் சொல்வார்கள்!

குளத்தில் வெட்டிய ஐஸ்

ஷெர்ரி பழைய மது. ஆனால் அதில் போட்ட ஐஸ், அந்தக் காலத்தில் ஒரு புதுமை.

அப்போது வீட்டில் ஐஸ் பெட்டி ஏது? அமெரிக்காவின் வடபகுதியில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துவிடும். அந்த ஐஸைப் பாளம் பாளமாக வெட்டி எடுத்தார்கள். மரத்தூளைப் போட்டு மூடி, கோடை வரை காப்பாற்றினார்கள்.

பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் இந்த வியாபாரத்தில் முன்னோடி. 1806-ம் ஆண்டு அவர் மேற்கு இந்தியத் தீவு ஒன்றுக்கு ஐஸ் அனுப்பினார். 1825-ம் ஆண்டில், குதிரை பூட்டி ஐஸ் வெட்டும் கருவி வந்தது. வேலை சுலபமாயிற்று. விலை இறங்கியது. சாதாரண மக்களும் ஐஸ் வாங்க முடிந்தது.

1833-ம் ஆண்டு டியூடரின் ஐஸ் கப்பல் கல்கத்தாவுக்கே வந்தது. ஏற்றியது 180 டன். பயணம் நான்கு மாதம். வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் இருந்தது!

பிறகு சென்னைக்கும் ஐஸ் வந்தது. அதைப் பாதுகாக்கக் கடற்கரையில் கட்டிய கட்டடமே "ஐஸ் ஹவுஸ்." இன்று அது விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது.

குழல் வந்த கதை

ஐஸ் நிறைந்த தம்ளரை அப்படியே வாயில் வைத்தால் என்ன ஆகும்? பல் கூசும். ஐஸ் மூக்கில் இடிக்கும். அதனால் வைக்கோல் தாளைச் செருகி உறிஞ்சினார்கள். "ஸ்டிரா" என்றாலே வைக்கோல் என்றுதான் பொருள்!

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842-ம் ஆண்டு அமெரிக்கா சென்றார். பிறகு எழுதிய "மார்ட்டின் சசில்விட்" நாவலில், கதாநாயகன் இந்தப் பானத்தை உறிஞ்சிக் குடித்து மகிழ்வதாக எழுதினார்.

ஆனால் வைக்கோல் சீக்கிரம் ஊறிவிடும். பானத்தில் புல் வாடையும் ஏறும். வாஷிங்டனில் சிகரெட்டுக்குக் காகிதக் குழாய் செய்துவந்த மார்வின் ஸ்டோன் இதற்கு ஒரு வழி கண்டார். பென்சில் மீது காகிதத்தைச் சுற்றி ஒட்டினார். பென்சிலை உருவினார். குழல் தயார்! காகிதம் நனையாமல் இருக்க மெழுகு சேர்த்தார். 1888-ம் ஆண்டு ஜனவரி 3-ந்தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

பின்னர் பிளாஸ்டிக் குழல் வந்தது. 2022-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் இந்தியாவில் அதற்குத் தடை. பழைய காகிதக் குழல் மீண்டும் கடைக்கு வந்துவிட்டது.

செய்யும் முறை

1862-ம் ஆண்டு ஜெர்ரி தாமஸ் என்ற அமெரிக்கர், பானம் கலப்பது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஷெர்ரி காப்ளரும் உண்டு. இன்றைய அளவில் சொன்னால், ஷெர்ரி சுமார் 120 மில்லி, சர்க்கரை ஒரு மேஜைக்கரண்டி, ஆரஞ்சு 2 அல்லது 3 வில்லை.

ஆரஞ்சைத் தோலோடு நறுக்க வேண்டும். தோலில் உள்ள எண்ணெய்தான் மணம் தரும். ஐஸைத் துணியில் சுற்றித் தட்டி நொறுக்க வேண்டும். சிறு சிறு துண்டாக இருந்தால் சீக்கிரம் குளிரும். எல்லாவற்றையும் மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். தம்ளரில் ஊற்றி, மேலே பழத்துண்டு வைத்து, குழலைச் செருக வேண்டும். அவ்வளவுதான்.

இனிப்பு ஏமாற்றும்!

குடிப்பவருக்கு இது பழச்சாறு போலவே இருக்கும். சர்க்கரையும் குளிர்ச்சியும் மதுவின் காரத்தை மறைத்துவிடும். குழலில் உறிஞ்சும்போது தம்ளர் காலியாவதும் தெரியாது.

கணக்குப் பாருங்கள். 100-க்கு 17 பங்கு ஆல்கஹால் உள்ள ஷெர்ரியும் உண்டு. அதில் 120 மில்லி ஊற்றினால், 20 மில்லி ஆல்கஹால் உள்ளே போகிறது. நம் ஊர் பிராந்தி 30 மில்லியில் இருப்பது சுமார் 13 மில்லிதான். ஆக, "ஜூஸ் மாதிரி" இருக்கும் ஒரு தம்ளர், ஒன்றரை மடங்கு பிராந்திக்குச் சமம்!

சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடவே கூடாது. வண்டி ஓட்டுகிறவர்கள் தொடக்கூடாது. "பழரசம்தானே" என்று விருந்தாளிக்குச் சொல்லாமல் கொடுப்பது பெரிய தவறு.

குடும்பத்தோடு குடிக்க வேறு வழி இருக்கிறது. ஷெர்ரிக்குப் பதிலாகக் கறுப்புத் திராட்சைச் சாறு 120 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுங்கள். ஆரஞ்சு, ஐஸ், குழல் எல்லாம் முன்போலவே.

ருசியும் குளிர்ச்சியும் உண்டு. மயக்கம் மட்டும் கிடையாது!