அறுவை கல்லீரலுக்கு, சோதனை சிறுநீரகத்திற்கு ஏன்?

கல்லீரலில் கட்டி என்று அறுவை சிகிச்சைக்குச் சேரும் நோயாளிக்கு "கிரியாட்டினின்" என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சோதனை. நோய் ஓரிடம், சோதனை வேறிடமா என்று உறவினர் வியப்பதுண்டு. இதற்கு விடை காண்போம்.

கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. பித்தநீர் சுரத்தல், நச்சுப் பொருள்களை முறித்தல் என அதன் பணிகள் பல. புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவதும் அதுவே. நோயற்ற கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் எஞ்சிய பகுதி வளர்ந்து ஈடுசெய்துவிடும்.

அந்த யூரியாவை வெளியேற்றுபவை யாவை? அவரை விதை வடிவமுள்ள இரண்டு சிறுநீரகங்களே! ஒவ்வொன்றிலும் சுமார் 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டரளவே சிறுநீராக அனுப்புகின்றன. இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்கே செல்கிறது. ஆகவே இரத்த ஓட்டம் குறைந்தால் இவை விரைவில் வாடிவிடும்.

கல்லீரலோ இரத்தம் நிறைந்த உறுப்பு. வெட்டும்போது இரத்தம் பெருகாதிருக்க, அதற்குள் செல்லும் குழாய்களைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிக்கும் முறையை 1908-ல் பிரிங்கிள் என்ற மருத்துவர் விளக்கினார். வெட்டி முடியும் வரை நரம்பு வழியே ஏற்றும் நீரையும் மருத்துவர்கள் குறைத்தே கொடுப்பதுண்டு. இதனால் இரத்தப் போக்கு குறைகிறது. ஆனால் இரத்த அழுத்தம் தாழ்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பின்னர் கிருமி தொற்றினாலும், எஞ்சிய கல்லீரல் போதாமற் போனாலும் அதே ஆபத்துதான். அப்போது சிறுநீர் குறையும், உடலில் நீர் தேங்கும், பொட்டாசியம் மிகுந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். சிலருக்கு டயாலிஸிஸ் தேவைப்படும்.

இவ்விரு உறுப்புகளின் உறவை 1969-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. கல்லீரல் கெட்டதால் செயலிழந்த சிறுநீரகங்களை, அந்நோயாளிகள் இறந்தபின் வேறு சிலருக்குப் பொருத்தினார்கள். அங்கே அவை மீண்டும் வேலை செய்தன! குறை சிறுநீரகத்தில் இல்லை. துணை தளர்ந்ததால் அதுவும் தளர்ந்திருந்தது.

கிரியாட்டினின் பெரியவர்களுக்குப் பொதுவாக 0.6 முதல் 1.2 மில்லிகிராம் வரை இருக்கும். ஆனால் சிறுநீரகத்தின் ஆற்றல் பாதியளவு குறைந்த பின்பும் இது சரியாகத் தோன்றக்கூடும். தசை மெலிந்த முதியவர்களிடம் இன்னும் ஏமாற்றும். ஆதலால் மருத்துவர்கள் வயதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அறுவைக்குப் பின் கட்டிலருகே தொங்கும் பையில் சேரும் சிறுநீரைச் செவிலியர் அளந்து குறிப்பதும் இதற்காகவே.

நாம் செய்யக்கூடியது என்ன? வீட்டுப் பெரியவர்களுக்குச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்; வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பவை. "இதையெல்லாம் டாக்டரிடம் சொல்வதா?" என்று பாட்டி தயங்கினால், தோழியரே, அருகிலிருந்து நாமே சொல்லிவிடுவோம். அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கக் கூடும்.