குல்மார்க்கில் பனி கொட்டியாச்சு... உடனே ஸ்கீயிங் போகலாமா? சீசன் தொடக்கத்தில் கவனிக்க வேண்டியவை என்ன?

நவம்பர், டிசம்பர் வந்தாலே காஷ்மீரின் குல்மார்க்கில் இருந்து வெள்ளை வெளேரென்ற வீடியோக்கள் செல்போனில் வரிசை கட்டத் தொடங்கிவிடும். 'முதல் பனி விழுந்தாச்சு, கிளம்ப வேண்டியதுதான்' என்று உடனே விமான டிக்கெட் தேடுபவர்கள் ஏராளம். நம்ம ஊர் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் வருகிறது.

ஆனால் பனி விழுவது வேறு, பனிச்சறுக்குக்கு மலை தயாராவது வேறு. இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் ஆகலாம், சில வருஷம் மாதக்கணக்கிலும் ஆகலாம். அந்த இடைவெளியில் ஏமாற்றமும் உண்டு, உயிருக்கே ஆபத்தும் உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

ஒரே ஊர், மூன்று மாடி

பாரமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரில் இருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் இருக்கிறது குல்மார்க். கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு புல்வெளிதான் ஊர். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். கோடையில் இங்கே கோல்ஃப் விளையாடுவார்கள்.

புல்வெளிக்கு மேலே நிற்பது அபர்வத் மலை. கோண்டோலா எனப்படும் ரோப்கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. 1998-ல் திறக்கப்பட்ட முதல் கட்டம் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொங்டூரி வரை செல்லும். 2005-ல் வந்த இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும்.

இந்த உயர வித்தியாசம்தான் முக்கியமான விஷயம். பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஆறு, ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். அப்படியென்றால் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் கிட்டத்தட்ட 8 டிகிரி வித்தியாசம். கீழே மழைத்தூறல் விழும் அதே நேரத்தில் மேலே பனி கொட்டும். சீசன் தொடக்கத்தில் 'குல்மார்க்கில் பனி' என்று வரும் வீடியோ அபர்வத் உச்சியில் எடுத்ததாக இருக்கலாம். அன்றைக்குக் கீழே புல்வெளி பழுப்பு நிறத்தில் கிடக்கும்.

எத்தனை இன்ச் பனி இருந்தால் சறுக்கலாம்?

'ஒரு அடி பனி விழுந்திருக்கே, போதாதா?' என்று கேட்கத் தோன்றும். போதாது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ எடை இருக்கும். அதே அளவு புதுப் பனி 100 கிலோவோ, அதைவிடக் குறைவாகவோதான் இருக்கும். இயந்திரம் ஓட்டி அழுத்திச் சீராக்கிய சறுக்குப் பாதையில் அது 400 முதல் 500 கிலோ வரை போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அடி புதுப் பனியை அழுத்தினால் மூன்று இன்ச்கூட மிஞ்சாது. இலவம்பஞ்சு மெத்தையில் ஆள் உட்கார்ந்தால் அமுங்கிவிடுகிற கதைதான். அதனால் ஒரு பனிப்பொழிவை வைத்து சீசன் தொடங்கிவிடாது. அடுத்தடுத்து விழுந்து, இறுகி, அடித்தளம் உருவாக வேண்டும்.

அந்த அடித்தளம் எவ்வளவு தேவை என்பது கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடிவாரத்தில் இருப்பது புல். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு அங்கே ஒரு அடி இறுகிய பனியே ஓரளவு போதும். அபர்வத் சரிவுகளில் இருப்பதோ பாறையும் கற்குவியலும். அங்கே எல்லாம் முழுசாக மூட ஒரு மீட்டருக்கும் மேல் பனி வேண்டும்.

மெல்லிய பனிக்கு அடியில் கிடக்கும் பாறை மேலே இருந்து பார்த்தால் தெரியாது. வேகமாக வரும் ஸ்கீ அதில் மாட்டினால் கட்டை நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார். முழங்கால் ஜவ்வு கிழிவது, எலும்பு முறிவது எல்லாம் இப்படித்தான்.

பனி எங்கிருந்து வருகிறது?

நம்ம ஊர் வடகிழக்குப் பருவமழைக்கும் காஷ்மீர் பனிக்கும் சம்பந்தம் இல்லை. மத்திய தரைக்கடல் பக்கம் உருவாகி, மேற்கில் இருந்து நகர்ந்து வரும் வானிலை அமைப்புகள்தான் அங்கே பனியைக் கொட்டுகின்றன. வானிலை மையம் இதை 'மேற்கத்திய இடையூறு' என்று சொல்லும். இவை பருவமழை போலத் தொடர்ந்து பெய்வதில்லை. ஒன்று வரும், போகும், அடுத்தது வரும். அடுத்தது வராமலே போனால் வானம் வெளுத்துக்கிடக்கும்.

காஷ்மீர் மக்கள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிர், 'சில்லாய் கலான்'. அடுத்த 20 நாள் 'சில்லாய் குர்த்'. கடைசி 10 நாள் 'சில்லாய் பச்சா'. இதில் சில்லாய் கலானில் விழும் பனிதான் உருகாமல் நின்று, இறுகி, அடித்தளமாக மாறும். ஆப்பிள் தோட்டங்களுக்கும் ஜீலம் நதிக்கும் கோடையில் தண்ணீர் கொடுப்பதில் இந்தப் பனிக்குப் பெரிய பங்கு உண்டு. பிப்ரவரி கடைசியில் விழுவது சீக்கிரம் கரைந்துவிடும்.

2024, 2025-ல் நடந்தது என்ன?

2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி காய்ந்து கிடந்தது. சில்லாய் கலானின் பெரும்பகுதி பனியே இல்லாமல் கழிந்தது. குளிர்காலத்தில் குல்மார்க்கை இவ்வளவு வறண்டு பார்த்ததே இல்லை என்று முந்தைய ஆண்டுகளின் படங்களோடு ஒப்பிட்டு வேதனைப்பட்டார் ஒமர் அப்துல்லா. ஜனவரி கடைசியில்தான் பனி எட்டிப் பார்த்தது.

2025-லும் நிலைமை பெரிதாக மாறவில்லை. குல்மார்க்கில் பிப்ரவரி 22-ல் தொடங்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள், போதிய பனி இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டன. பிறகு பனி விழுந்து, மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன.

இதில் அடிபடுவது சுற்றுலாப் பயணியின் டிக்கெட் காசு மட்டும் இல்லை. ஸ்கீ பயிற்சியாளர், வழிகாட்டி, ஸ்லெட்ஜ் இழுப்பவர், ஸ்கீ வாடகைக் கடை வைத்திருப்பவர் என எல்லோருக்கும் குளிர்கால வருமானம் இரண்டு மூன்று மாதத்துக்குள் கிடைத்தாக வேண்டும். ஜனவரி போனால் அதில் பாதி போச்சு.

கண்ணுக்குத் தெரியாத 'ரவை' அடுக்கு

சீசன் தொடக்கத்தின் பெரிய ஆபத்து, சீசன் நடுவில்தான் வெளியே வரும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

நவம்பர், டிசம்பரில் மெல்லியதாகப் பனி விழுகிறது. பிறகு பல நாள் வானம் தெளிவாக, இரவு கடுங்குளிராக இருக்கிறது. தரையை ஒட்டிய பனி பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மேற்பரப்போ மைனஸ் 10, மைனஸ் 15 என்று உறைந்துபோகும். அடுக்கு மெல்லியதாக இருப்பதால், கொஞ்ச ஆழத்துக்குள்ளேயே இவ்வளவு வெப்ப வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தில் அடியில் இருக்கும் பனி ஆவியாகி மேலே நகர்ந்து, மறுபடி படிகமாகிறது. அப்படி உருவாகும் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. கையில் அள்ளினால் ரவை மாதிரி உதிரும். இதற்கு மேலே ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு மூன்று அடி பனி ஒரே மூச்சில் கொட்டினால் என்ன ஆகும்? ரவை பரப்பிய சாய்வுப் பலகையில் கல் பலகையை வைத்த நிலைதான். அதன் மேல் ஒரு ஆள் சறுக்கினால் போதும், மொத்தமும் கழன்று வரலாம். 30 டிகிரிக்கு மேல் சாய்வான இடங்களில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் நடக்கின்றன. சறுக்குப் பிரியர்கள் தேடிப்போவதும் அதே சாய்வைத்தான்.

குல்மார்க் இதன் விலையைக் கண்டிருக்கிறது. 2023 பிப்ரவரி 1-ல் அபர்வத்தின் ஹபத்குத் பகுதியில் பனி சரிந்ததில் போலந்தைச் சேர்ந்த இரண்டு பேர் உயிரிழந்தார்கள். வெளிநாட்டவர் 19 பேரும் உள்ளூர் வழிகாட்டிகள் 2 பேரும் மீட்கப்பட்டார்கள். ஒரு வருஷம் கழித்து 2024 பிப்ரவரி 22-ல் இன்னொரு பனிச்சரிவில் ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவர் இறந்தார். ஜனவரி முழுக்க வறட்சி, அப்புறம் திடீரென்று கனத்த பனி என்று போன அதே குளிர்காலம் அது.

செயற்கைப் பனி கொட்டினால் ஆகாதா?

தண்ணீரைப் பொடித்துளியாகப் பீய்ச்சி உறையவைக்கும் இயந்திரங்கள் உண்டு. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் இது சகஜம். 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கே கிட்டத்தட்ட முழுக்க செயற்கைப் பனியில்தான் நடந்தது. இந்தியாவிலும் 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக உத்தராகண்டின் ஆலியில் இயந்திரங்கள் நிறுவப்பட்டன.

ஆனால் இதற்கு நிறைய தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். காற்றும் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்து, ஈரப்பதம் குறைவாக இருக்க வேண்டும். ஒரு சறுக்குப் பாதையை இப்படி மூடலாம். அபர்வத் மாதிரி ஒரு மலையையே மூட முடியாது.

கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

1. பனி எங்கே விழுந்தது என்று கேளுங்கள். அடிவாரம், கொங்டூரி, உச்சி என மூன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். புதுப் பனி எவ்வளவு என்பதைவிட, இறுகி நிற்பது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

2. கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஓடுகிறதா என்று அன்றன்றைக்குப் பாருங்கள். பலத்த காற்றிலும் கனத்த பனியிலும் அதை நிறுத்திவிடுவார்கள்.

3. தங்மார்க்கில் இருந்து குல்மார்க் வரை 13 கி.மீ. மலைப்பாதை. பனி விழுந்தால் டயரில் சங்கிலி கட்டிய வண்டிதான் மேலே போகும். விமானத்தைப் பிடிக்கும் நாளில் இதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

4. புதியவர்கள் அடிவாரச் சரிவை விட்டு நகர வேண்டாம். ஹெல்மெட் கட்டாயம்.

5. அனுபவசாலிகள் எல்லைக்கு வெளியே போவதாக இருந்தால், டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, உள்ளூர் வழிகாட்டியோடு போக வேண்டும். சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பனியில் புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம். வெளியில் இருந்து மீட்புக் குழு வரும்வரை அந்த நேரம் காத்திருக்காது.

டிசம்பரில் போனால் பனியைப் பார்க்கலாம், கையில் அள்ளி விளையாடலாம், போட்டோ எடுக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் அடிவாரத்தில் ஸ்கீ கட்டி நிற்கவும் கற்றுக்கொள்ளலாம். சறுக்குவதுதான் நோக்கம் என்றால், ஜனவரி நடுப்பகுதி முதல் பிப்ரவரி கடைசி வரை தேதி வைப்பதுதான் வழக்கம். கடந்த சில வருஷ அனுபவத்தைப் பார்த்தால், ரத்து செய்ய வசதியுள்ள டிக்கெட்டாகப் போடுவது அதைவிட நல்லது.